ரோபோ பொம்மைகளுக்கு வீட்டிலேயே டயோரமா: விளையாடத் தாங்கும்படி கட்டும் முறை

டயோரமா, அதாவது ஓர் இடத்தின் காட்சியைச் சிறிய அளவில் அமைத்த மாதிரி, கட்டுவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் காட்சிகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே தூசியைத் தவிர வேறு எதுவும் அதைத் தொடப்போவதில்லை. விளையாட்டுத் தளத்தின் நிலைமை வேறு. ரோபோவைத் தூக்குவார்கள், மோதவிடுவார்கள், மேல்தளத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். காட்சிக்கான முறைகளை அப்படியே பின்பற்றினால் சுவர் சாயும், தரை குழி விழும், வண்ணம் பொம்மையின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வரும். கைபடும் தளத்துக்குத் தேவையானவற்றைத் துண்டு துண்டாகத் தேடிப் பிடித்து, செய்து பார்த்துத் தெளிவதற்கு எனக்கு நீண்ட காலம் ஆயிற்று. புதிதாகத் தொடங்குகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் முன்படியில் விட்டதைப் பின்படியில் சரிசெய்வது மிகவும் கடினம்.

முதல் முயற்சிக்கு ஒரு மூலை போதும்: ஒரு தரை, பின்சுவர், பக்கச்சுவர். பழுதுபார்க்கும் பணிமனையாகவோ இடிந்த நகரத்தின் தெருமுனையாகவோ அதை அமைக்கலாம். நான்கு பக்கமும் மூடிய கட்டடம் வேண்டாம். கை நுழையாத இடத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

1. அளவுத்தாள் எழுதுங்கள்

கத்தியை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்களிடம் இருப்பவற்றில் மிகப் பெரிய ரோபோவைத் தேர்ந்தெடுத்து நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நின்ற நிலையில் உயரம், கைகளை விரித்தால் அகலம், முதுகுச் சிறகும் பீரங்கியும் உட்பட முன்பின் ஆழம், கால்களை அகட்டி நிற்கும்போது இரு பாதங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். பலர் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ரோபோ வாசலுக்குள் நுழையுமா என்பதைத் தீர்மானிப்பது தோள் அகலமும் சிறகும்தான்.

தரையின் நீளம் ரோபோவின் உயரத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் இரண்டு ரோபோக்கள் தாராளமாக மோதிக்கொள்ளலாம். 14 செ.மீ. உயர ரோபோவுக்கு ஏ3 தாள் அளவு, அதாவது 42 செ.மீ. நீளம், 29.7 செ.மீ. அகலம் சரியாகப் பொருந்தும். சுவரின் உயரம் ரோபோவைவிட ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ரோபோ கட்டடத்தின்மேல் ஏறி நிற்பதுபோல் தோன்றும். மிகவும் உயர்ந்தால் சுவர் ஆடும்.

தளத்தை வைக்கப்போகும் அலமாரியின் ஆழத்தையும் இதே தாளில் எழுதுங்கள். கட்டி முடித்த பிறகு அலமாரிக்குள் போகவில்லையென்றால் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

2. ஸ்கேலை முடிவு செய்யுங்கள்

ஸ்கேல் என்பது பொம்மை நிஜத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்ற விகிதம். கதையில் உங்கள் ரோபோ எத்தனை மீட்டர் உயரம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கதவையோ சன்னலையோ வெட்டக்கூடாது. ரோபோ பிரம்மாண்டமாகத் தெரிவதும் பொம்மையாகவே தெரிவதும் அதன் அருகில் இருக்கும் கதவின் அளவைப் பொறுத்தது.

கதையில் சொல்லப்படும் உயரத்தைப் பொம்மையின் உயரத்தால் வகுங்கள். 9 மீட்டர் ரோபோ 14 செ.மீ. பொம்மையாக இருந்தால் ஸ்கேல் ஏறத்தாழ 1/64. பரவலாகக் கிடைக்கும் சின்ன உலோகக் கார்கள் பலவும் அந்த அளவுக்கு அருகில் இருப்பவை, ஆகவே தெருவுக்கு வாகனங்கள் தேட வேண்டியதில்லை. ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் 18 மீட்டர் உயர கன்டம் ரோபோ 1/144 ஸ்கேலில் 12.5 செ.மீ. வரும். அதற்கு 1/160 ஸ்கேலான ‘N’ வகை ரயில் மாதிரிகளின் மரங்களும் வீடுகளும் கண்ணை உறுத்தாமல் சேரும்.

கதவின் உயரம் 2 மீட்டர், ஒரு மாடியின் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/144 ஸ்கேலில் கதவு 14 மி.மீ., மாடி 21 மி.மீ. 1/100 ஸ்கேலில் 20 மி.மீ., 30 மி.மீ. 1/60 ஸ்கேலில் 33 மி.மீ., 50 மி.மீ. இந்த எண்களையும் அளவுத்தாளில் சேர்த்துவிடுங்கள். மனிதன் உயரத்துக்கான ஒரு கதவு, ஓர் ஏணி, ஒரு கைப்பிடிக் கம்பி ஆகிய மூன்றும் சரியான அளவில் இருந்தால் மற்றவை சற்று முன்பின் இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

3. எதற்குச் செலவழிப்பது, எதை மிச்சம் பிடிப்பது

வீட்டிலிருந்தே எடுக்கக்கூடியவை: நெளி அட்டைப் பெட்டிகள், பாட்டில் மூடிகள், தீர்ந்த பேனாக்களின் குழாய்கள், உறிஞ்சுகுழல்கள், பழைய கீபோர்டின் பொத்தான்கள், பொம்மையை மூடியிருந்த ஒளிபுகும் பிளாஸ்டிக், பழத்தைச் சுற்றிவரும் வலை, அலுமினியத் தாள், உடைந்த பொம்மைகளின் உறுப்புகள். இவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை: நல்ல கட்டரும் கூடுதல் பிளேடுகளும், இரும்பு ஸ்கேல், தரைக்கு 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்த பலகை), சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு அல்லது இன்னும் தடிமனான எக்ஸ்.பி.எஸ். ஃபோம், வெள்ளைப் பசை, கருப்பு, வெள்ளை, பழுப்பு, மஞ்சள் அக்ரிலிக் வண்ணங்கள், பளபளப்பற்ற வார்னிஷ். வண்ணத்தில் மலிவானதை வாங்கலாம். பிளேடிலும் வார்னிஷிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்க்கும், வழுக்கி விரலையும் வெட்டும். வார்னிஷ் மட்டமாக இருந்தால் தரை என்றைக்கும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

எக்ஸ்.பி.எஸ். என்பது கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடும், நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் அடர்ந்த ஃபோம். மணிமணியாக உதிரும் சாதாரண தெர்மாகோலிலிருந்து அது வேறுபட்டது. தெர்மாகோலில் செங்கல் கோடு கீற முடியாது, எக்ஸ்.பி.எஸ்.ஸில் ஒரு பால்பாயின்ட் பேனாவே போதும். முழுத் தாளாக வாங்குவது முதல் தளத்துக்கு வீண்செலவு. வெட்டிய துண்டுகள் கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள்.

4. அட்டையில் ஒரு முன்மாதிரி

இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். பழைய அட்டைகளை அளவுக்கு வெட்டி, டேப்பால் மட்டும் ஒட்டி, மூலையை நிறுத்துங்கள். ரோபோவை உள்ளே வைத்து விளையாடிப் பாருங்கள். குழந்தைக்காகக் கட்டுகிறீர்கள் என்றால் அதனிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தச் சுவரைப் பிடித்துச் சாய்கிறது, மேல்தளத்தில் ரோபோவை நிறுத்த இடம் போதுகிறதா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேண்டிய மாற்றங்களைச் செய்த பிறகு டேப்பைப் பிரித்தால், அந்த அட்டைத் துண்டுகளே உங்கள் வெட்டுப் படிவங்கள்.

5. தரையும் சுவரும்

ஃபோமை மட்டும் தரையாகப் போடாதீர்கள். உலோகப் பாகங்கள் கொண்ட ரோபோ ஒருமுறை விழுந்தாலே குழி விழும். எம்.டி.எஃப். பலகையே தரையாக இருக்கட்டும். மேடு வேண்டிய இடத்தில் ஃபோமை ஒட்டி, ரோபோ நிற்கும் பகுதியைத் தடித்த அட்டையால் மூடுங்கள். பலகையை வீட்டில் அறுத்தால் முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அறுத்துத் தரும் கடையில் உங்கள் அளவைக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

ஃபோம் போர்டை ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். இரும்பு ஸ்கேலை வைத்து, மேல்தாள், நடுஃபோம், அடித்தாள் என்று மூன்று இழுப்பில் இலேசாக வெட்டினால் விளிம்பு நேராக வரும். சூடான கம்பியால் ஃபோமை அறுப்பவர்கள் சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது.

சுவரைத் தரையின்மேல் வெறுமனே நிறுத்தி ஒட்டினால் அது நிற்காது. பலகையின் பின்விளிம்பில், வெளிப்புறமாக, சுவரின் அடி 6 மி.மீ. கீழே இறங்கும்படி ஒட்டுங்கள். பின்புறத்தில் முக்கோணத் தாங்கிகளைக் கையகல இடைவெளியில் கொடுங்கள். முன்பக்கத்திலிருந்து அவை தெரியாது. விளையாடும் கை சுவரைத்தான் முதலில் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இடிந்த சுவர் வேண்டுமென்றால் விளிம்பைக் கட்டரால் வெட்டாமல் கையால் பிய்த்துவிடுங்கள். உடைந்த கான்கிரீட்டிலிருந்து வளைந்து நீட்டும் இரும்புக் கம்பிகளாக மெல்லிய கம்பித் துண்டுகளைச் செருகலாம். ஆனால் சிறு குழந்தைகள் விளையாடும் தளத்தில் கம்பிக்குப் பதில் நூலைப் பசையில் நனைத்து விறைக்கவைத்துப் பயன்படுத்துங்கள்.

6. பசையில் கவனம்

பெரும்பாலான தளங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

சாதாரண சூப்பர் குளூ ஃபோமை அரித்துக் கரைத்துவிடும். போதாததற்கு அதன் ஆவி அருகிலுள்ள பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். ரோபோக்களை வேறு அறையில் வைத்துவிட்டு அதைத் திறவுங்கள். சூடான பசைத் துப்பாக்கி வேலையைத் துரிதமாக்கும், ஆனால் அதிகச் சூட்டில் ஃபோம் உருகும். குறைந்த சூட்டில் இயங்கும் வகையே நமக்கு ஏற்றது.

வெள்ளைப் பசை எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. அட்டை, மரம், காகிதம், மணல் எல்லாம் அதில் ஒட்டும். ஒரே ஒரு சிக்கல்: அது உலர நீர் வெளியேற வேண்டும். இரண்டு பெரிய ஃபோம் பரப்புகளை முகத்தோடு முகம் வைத்து அதனால் ஒட்டினால் நடுவில் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அங்கே ஃபோமுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கப்படும் கட்டுமானப் பசையைப் போடுங்கள், அல்லது பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பல்குத்தும் குச்சிகளைக் குறுக்கே செருகி, பாரம் வைத்துச் சில நாள் விட்டுவிடுங்கள்.

7. ரோபோவை நிறுத்தும் ஏற்பாடு

வண்ணம் பூசுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ரோபோக்கள் தலைகனமானவை, பாய்ந்து உதைக்கும் நிலையில் தானாக நிற்காது.

உங்கள் பொம்மையின் பாதத்திலோ முதுகிலோ துளை இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் ஆயுதங்களைப் பொருத்த 5 மி.மீ. துளைகள் பரவலாக உள்ளன. தாங்கிகளில் செருகும் மாதிரி ரோபோக்களுக்கு 3 மி.மீ. அளவு வழக்கம். அதே தடிமனுள்ள உருட்டு மரக்குச்சியை வாங்கி, பலகையில் துளையிட்டு, 8 மி.மீ. வெளியே நீட்டும்படி ஒட்டினால் ரோபோ அதில் உறுதியாக அமரும். மரக்குச்சி சற்றுத் தடிமனாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள். இறுக்கிச் செருகினால் பொம்மையின் துளை விரிசல் விடும்.

இதே குச்சிகளைப் பின்சுவரில் வரிசையாக நட்டால் ஆயுதங்களைத் தொங்கவிடும் இடம் தயார். ஃபோம் சுவரில் குச்சி தளர்ந்துபோகும் என்பதால் பின்னால் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை ஒட்டி, அதற்குள் குச்சியை இறக்குங்கள்.

காந்தம் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சின்ன நியோடிமியம் காந்தங்கள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் துளைத்துவிடும்.

8. மேற்பரப்பும் சிறு உறுப்புகளும்

குழந்தைகளைக் கூடச் சேர்த்துக்கொள்ள ஏற்ற படி இது. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி ஃபோமின்மேல் அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். பேனாவால் கீறிய செங்கல் கோடுகளின்மேல் அதை ஒருமுறை உருட்டுங்கள், அப்போதுதான் சுவர் பழையதாகத் தோன்றும். நெளி அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் துடைத்து உரித்தால் உள்ளே தகரக் கொட்டகையின் கூரை கிடைக்கிறது.

பணிமனைச் சுவருக்கு மூடிகள், கீபோர்டு பொத்தான்கள், குழாய்கள், கம்பிவடங்கள் எல்லாம் ஒட்டலாம். ஆனால் சுவர் முழுவதும் நிரப்பிவிடாதீர்கள். ஒரு பெரிய உறுப்பு, அதைச் சுற்றி மூன்று நான்கு சிறியவை, பிறகு வெற்றிடம் என்று விட்டுவிட்டு வைத்தால் இயந்திரமாகத் தெரியும். எல்லா இடத்திலும் ஒட்டினால் குப்பையாகத்தான் தெரியும். குழாய் எங்கிருந்து தொடங்கி எங்கே போகிறது என்பதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும்.

இடிபாடுகளில் மணலைத் தூவும்போது ரோபோ நிற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மணல் பாதத்தின் வண்ணத்தைச் சுரண்டிவிடும். நடக்கும் பகுதியில் பிடிமானம் வேண்டுமென்றால் கெட்டியான வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்தாலே போதும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால், பிய்த்து வாயில் போடக்கூடிய எதையும் ஒட்ட வேண்டாம். அதன் வடிவத்தை ஃபோமிலேயே செதுக்கிவிடுங்கள்.

9. வண்ணம்

ஸ்பிரே வண்ணத்தை ஃபோமின்மேல் நேரடியாக அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். முதலில் மூன்று பங்கு கருப்பு அக்ரிலிக் வண்ணத்துடன் ஒரு பங்கு வெள்ளைப் பசையைக் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள். அது ஃபோமை மூடி, மேல்தோலைக் கடினமாக்கி, இடுக்குகளுக்கு நிழலையும் தந்துவிடும். அட்டைக்கும் ஃபோம் போர்டுக்கும் இரு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் உலரும்போது சுவர் வில்லாக வளையும்.

கான்கிரீட்டுக்கு அடர்ந்த சாம்பல், அதன்மேல் நடுத்தரச் சாம்பலைப் பஞ்சால் ஒற்றி, கடைசியில் வெளிர் சாம்பலை உலர்தூரிகையால் விளிம்புகளில் மட்டும் தடவுங்கள். உலர்தூரிகை என்றால் தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, மீதம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலையில் மேடுகளின்மேல் இழுப்பது. பிறகு பழுப்பும் கருப்பும் கலந்த மிக நீர்த்த வண்ணத்தில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்துப் பூசினால், அது தானாக இடுக்குகளில் ஓடி அழுக்காகப் படியும். இரும்புக்குக் கருப்பின்மேல் வெள்ளி நிற உலர்தூரிகை. துருவுக்குச் செம்பழுப்பை ஆங்காங்கே ஒற்றுவது.

எச்சரிக்கைப் பட்டைகளுக்கு முதலில் மஞ்சளைப் பூசி நன்றாக உலரவிட்டு, 45 பாகைச் சாய்வில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் மறுபடி மஞ்சளைத் தடவி, அதற்குப் பிறகு கருப்பைப் பூசுங்கள். விளிம்பில் கசிவதெல்லாம் மஞ்சளாகவே இருப்பதால் கோடு சுத்தமாக வரும்.

பின்னணியை மங்கலாகவே வைத்திருங்கள். ரோபோக்கள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வருகின்றன. அவை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் சுவர் அடங்கியிருக்க வேண்டும்.

10. வார்னிஷ், காத்திருப்பு

பளபளப்பற்ற வார்னிஷை மெல்லியதாகத் தரைக்கு மூன்று பூச்சும் சுவருக்கு ஒரு பூச்சும் கொடுங்கள். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பானது. ஸ்பிரே வகையாக இருந்தால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபோம் எங்காவது திறந்திருந்தால் ஸ்பிரே அங்கேயும் அரிக்கும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்வரை இறுகிவிட்டது என்பதற்கும் இடையே பல நாள் வேறுபாடு இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, கண்ணில் படாத மூலையில் கட்டைவிரலை ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். ரேகை பதிந்தால் இன்னும் காத்திருங்கள். ரப்பர் பாதமோ மென்மையான சக்கரமோ கொண்ட பொம்மைகளை நன்கு இறுகிய தரையிலும் மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம். அந்த மென்பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் வண்ணத்தை இளக்கி ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு துண்டு அட்டை போதும்.

11. விளக்கு வேண்டுமானால்

மிக எளிய வழி 5 வோல்ட் யு.எஸ்.பி. எல்.இ.டி. பட்டை. மின்தடைகள் அதிலேயே இருக்கும், ஒட்டினால் வேலை முடிந்தது. தனி எல்.இ.டி.களை 5 வோல்ட்டில் இணைப்பதாக இருந்தால், வெள்ளைக்கு 220 ஓம், சிவப்புக்கு 330 ஓம் என ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை வையுங்கள். சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும், வெளிச்சம் தாராளம். நீளமான கால் நேர்முனை. கம்பிகளைச் சுவரின் பின்புறம் ஓடவிட்டு, சுவரின் உட்பக்கத்தைக் கருப்பு வண்ணத்தாலோ அலுமினியத் தாளாலோ முன்கூட்டியே மறையுங்கள், இல்லாவிட்டால் சுவர் முழுவதும் ஒளிரும். அலுமினியத் தாளில் வெறும் கம்பி பட்டால் மின்குறுக்கு ஏற்படும். இணைப்புகளை டேப்பால் மூடுங்கள்.

பட்டன் பேட்டரி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் 2 மணி நேரத்துக்குள் கடுமையாக வெந்துவிடக்கூடும். தவிர்க்க முடியாமல் வைத்தால், திருகாணியால் மூடும் பெட்டிக்குள் வையுங்கள்.

12. நேரக் கணக்கு

அளவுத்தாளுக்கும் முன்மாதிரிக்கும் ஒரு மாலை. வெட்டவும் ஒட்டவும் ஒரு நாள். வெள்ளைப் பசை முழுப் பிடிப்புக்கு வர 24 மணி நேரம் ஆகும், அதனால் அன்றே வண்ணத்தைத் தொடாதீர்கள். மேற்பரப்புக்கும் சிறு உறுப்புகளுக்கும் இன்னொரு நாள். வண்ணத்துக்கு ஒரு நாள், பூச்சுக்குப் பூச்சு அரை மணி நேர இடைவெளி. வார்னிஷுக்கு ஓர் அரை நாள், அதற்குப் பிறகு ஒரு வாரக் காத்திருப்பு. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்பவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம். பிறந்தநாள் பரிசாகக் கட்டுகிறீர்கள் என்றால் ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். அவசரத்தில் குறைத்துவிடுவது எப்போதும் அந்தக் கடைசிக் காத்திருப்பு வாரத்தைத்தான். பரிசைப் பிரித்த அன்றே பாதங்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

13. பழுதுபார்க்க எடுத்துவைக்க வேண்டியவை

விளையாடும் தளம் அடிபடத்தான் செய்யும். நீங்கள் கலந்த சாம்பல் வண்ணங்களை இறுக்கமான சிறு புட்டிகளில் நிரப்பி, கலவை விகிதத்தைப் பின்சுவரின் வெளிப்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். மிச்சமான ஃபோம் துண்டுகளையும் கொஞ்சம் வார்னிஷையும் அதே பெட்டியில் போடுங்கள். அளவுத்தாளையும் அட்டைப் படிவங்களையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த மூலையைக் கட்டி இதன் பக்கத்தில் சேர்க்கும்போது தரை உயரமும் சுவர் உயரமும் மி.மீ. பிசகாமல் பொருந்த அவை வேண்டும். தளத்தை நேர் வெயில் படும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். வெள்ளை பிளாஸ்டிக் ரோபோக்கள் பல அங்கே பழுத்து மஞ்சளாகிவிடும்.